மோனோசைட்டுக்கு அனுமதி இல்லை

அந்த ஆராய்ச்சி நிலையத்துக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் கால் கழுவ வேண்டும். கழுவின காலைத் துடைக்கக் கூடாது. துண்டு என்றால் நூல் இருக்கும், நூல் என்றால் ஒட்டும், ஒட்டுவது எதுவாக இருந்தாலும் அந்தக் கட்டடத்துக்கு ஆகாது. ஈரக் காலோடு நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கதவைத் தாண்டினால், அங்கே நீலத்தைக் கழற்றிவிட்டுப் பச்சை. அதற்கப்புறம் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நிறுத்தி, கதவைச் சாத்தி, நாலா பக்கமும் காற்றை அடிப்பார்கள். வாயை மூடாமல் நின்றால் கன்னம் பலூன் மாதிரி உப்பும். முதல் நாள் மாஸ்டருக்கு உப்பியது.

கூண்டைவிட்டு இறங்கியதும் வாசல் அதிகாரி ஒருவர் விசாரித்தார்.

“கடைசியா யாரைத் தொட்டீங்க?”

மாஸ்டர் யோசித்தார். “எங்க அக்காவை. காலையில தூக்கி உட்கார வச்சேன்.”

“உடம்பு சரியில்லாதவங்களா?”

“அதுக்குத்தானே சார் வந்திருக்கேன்.”

அதிகாரி ஒரு மஞ்சள் வில்லையை எடுத்து மாஸ்டரின் சட்டையில் குத்தினார். அதில் ‘கலப்பு’ என்று அச்சிட்டிருந்தது. அதுதான் மாஸ்டரின் தரம். அதிகாரியின் சட்டையில் ‘ஓரளவு’ என்று இருந்தது. அதைச் சம்பாதிக்கத் தனக்கு அரை ஆயுசு ஆயிற்று என்று அவரே பெருமையாகச் சொன்னார். மனைவி பக்கத்தில் படுப்பதை நிறுத்திய பிறகுதான் கொடுத்தார்களாம்.

மாஸ்டர் ஒன்றும் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயந்து நடுங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி வாழ்கிற மனிதர். யாரையும் எடுத்தெறிந்து பேசிப் பழக்கமில்லை. அவருக்கு இருந்தது ஒரே அக்கா. நாற்காலியும் மேசையும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரிலுள்ளவர்களின் விசேஷங்களுக்கு நாற்காலி அனுப்பியே அந்த ஆசை தீர்ந்துவிட்டது என்பாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். உடைந்த நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு நழுவப் பார்த்த பெரிய மனிதர்களையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவள்.

அந்த அக்காவின் உடம்பில் ஒரு வைரஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விரட்ட வேண்டிய ரத்த வெள்ளையணுக்களான டி செல்கள் தேய்ந்து தேய்ந்து பேருக்குக் கொஞ்சம் மிச்சமிருந்தன. ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

“மருந்தெல்லாம் பார்த்தாச்சு. இனி ஒரே வழிதான். அவங்க ரத்தத்துலேர்ந்தே டி செல்லை எடுத்து, வெளியில வச்சுப் பெருக்கி, திரும்ப உள்ள விடணும். ஆனா இன்னொரு தடவை ரத்தம் எடுக்க உடம்புல தெம்பு இல்ல. இப்ப எடுக்கறதுதான்.”

“பெருகலைன்னா டாக்டர்?”

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

செல்லைப் பெருக்கும் வேலை ஊரின் மறுகோடியில் இருந்த இந்த ஆராய்ச்சி நிலையத்துடையது. அதனால்தான் மாஸ்டர் கால் கழுவிக்கொண்டு நின்றார்.

காலையில் அங்கே மணி அடித்ததும் எல்லோரும் அவரவர் இடத்தில் எழுந்து நின்று உறுதிமொழி சொல்வார்கள். “ஒன்றில் ஒன்று கலவாதிருப்போம். ஒட்டியதை அகற்றுவோம். அகற்றியதை நினையோம்.” சொல்லும்போது ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாமலிருக்க ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நிற்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி இருக்கும்.

உறுதிமொழி முடிந்ததும் தூய்மைக் குழுத் தலைவர் மாஸ்டரை அழைத்துப்போய் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். தலைவர் கையுறைக்குமேல் கையுறை, அதற்குமேல் இன்னொரு கையுறை போட்டிருந்தார். பெட்டிக்குள் ஒரு தட்டு. தட்டுக்குள் இளஞ்சிவப்பாக ஏதோ தண்ணீர். தட்டைச் சுற்றி நாலு விளக்கு.

“உங்கள் அக்கா,” என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது. “இவ்வளவு தூய்மையான டி செல் இந்த நிலையத்தின் சரித்திரத்திலேயே கிடையாது. டி செல்லைத் தவிர உள்ளே வேறு எதுவும் இல்லை. எதுவுமே இல்லை.”

“ரொம்ப சந்தோஷம் சார். வளர்ந்துச்சா?”

அந்த அறையில் இருந்த எல்லோரும் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்க்கிற பார்வை. தலைவர் கண்ணை மூடி மனத்தைத் தேற்றிக்கொண்டு சொன்னார்.

“முதல் முறை வருகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். தவறில்லை. இந்தத் தட்டு இந்த ஆண்டின் தூய்மைப் பரிசுக்குப் போகிறது. நீங்கள் பெருமைப்பட வேண்டும்.”

மாஸ்டர் அக்காவிடம் போய்ப் பரிசு விஷயத்தைச் சொன்னார். அக்கா தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள்.

“பரிசை எங்கடா ஊசி போடுவாங்க? கையிலயா, இடுப்புலயா?”

தட்டு நாளுக்கு நாள் அப்படியே இருந்தது. அக்கா நாளுக்கு நாள் மெலிந்தாள். மாஸ்டர் தினமும் கால் கழுவி, கன்னம் உப்பி, மஞ்சள் வில்லை குத்திக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு நாள் அந்தத் தாழ்வாரத்தின் கோடியில் யாரோ பலமாகத் தும்முகிற சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு மனுஷச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்ததால், மாஸ்டர் தன்னையறியாமல் அந்தப் பக்கம் நடந்தார்.

கடைசி அறையில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண்மணி மைக்ராஸ்கோப்பைப் பார்த்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவரும் விஞ்ஞானிதான், பெரிய படிப்புதான். தும்முகிற வியாதி இருந்ததால் ஒதுக்குப்புறமாக வைத்திருந்தார்கள். எல்லோரும் அவரைத் தும்மல் மேடம் என்றுதான் சொன்னார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்தார்.

“பரிசுத் தட்டோட தம்பியா?” என்றார். “உட்காருங்க. அது வளராது.”

மாஸ்டர் உட்காரவில்லை. “ஏன் மேடம்?”

“டி செல்லு தானா பெருகாது. ரத்தத்துல மோனோசைட்டுனு இன்னொரு வெள்ளை செல் இருக்கு. நாம போடற தூண்டுமருந்தை அது கையில பிடிச்சுக்கிட்டு டி செல்லுக்கு முன்னாடி நீட்டும். நீட்டிக்கிட்டே இன்னொரு கையால தட்டிக் கொடுக்கும். ரெண்டும் சேர்ந்து நடந்தாத்தான் டி செல்லு முழிச்சுக்கும், ரெண்டாகும், நாலாகும். மருந்து மட்டும் தனியா மிதந்தா ஒண்ணும் நடக்காது.”

“அப்ப அந்த மோனோசைட்டு எங்க?”

“அதுக்கு ஒரு கெட்ட பழக்கம். தட்டுல ஊத்தினதும் அடியில போய் ஒட்டிக்கும். டி செல்லு மேல மிதக்கும். இவங்க மேல மிதக்கறதை வடிச்சு எடுத்துக்கிட்டு, ஒட்டினதை எல்லாம் தட்டோட தூக்கிப் போட்டுடறாங்க. அதுக்கு இங்க ஒரு சடங்கே இருக்கு.”

மாஸ்டர் தன் தொழிலை வைத்துக் கேட்டார். “கத்துக்கறவரைத் தனியா கார்ல உட்கார வச்சுட்டு, பக்கத்துல இருக்கற என்னை இறக்கிவிடற மாதிரியா?”

“அப்படியெல்லாம் இல்ல,” என்றார் மேடம். இன்னொரு பிஸ்கட்டைக் கடித்தார். “சரி, கிட்டத்தட்ட அப்படித்தான்னு வச்சுக்குங்க.”

“இது இவங்களுக்குத் தெரியாதா மேடம்?”

மேடம் தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “எல்லாருக்கும் தெரியும். இந்த வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தரும் பரீட்சையில எழுதிட்டுத்தான் வர்றாங்க. வாசல்ல மாட்டியிருக்கற பெரிய படத்தைப் பார்த்தீங்களா? நம்ம இயக்குநர் மெடல் வாங்கற படம். எதுக்கு வாங்கினார் தெரியுமா? மோனோசைட்டு இல்லாம டி செல் பெருகாதுன்னு நிரூபிச்சதுக்கு.”

மாஸ்டருக்கு அப்போதுதான் முதல்முறையாக அருவருப்பாக இருந்தது. தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்தவரை அவருக்கு வருத்தம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் குழுக் கூட்டம். நோயாளியின் உறவினர் ஒரு கேள்வி கேட்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் கேள்வியை முன்னாலேயே கேள்வி வடிகட்டும் பிரிவில் கொடுத்துவிட வேண்டும். அங்கே இருந்த ஊழியர் சிரித்த முகத்துக்காரர்.

“சொல்லுங்க சார், என்ன கேக்கணும்?”

“என் அக்காவோட செல் ஏன் வளரலை?”

“நல்ல கேள்வி. கொஞ்சம் சுத்தம் பண்ணிடலாம். ‘ஏன்’னா குற்றம் சொல்ற மாதிரி இருக்கு, எடுத்துடறேன். ‘வளரலை’ எதிர்மறை, குழுவுக்கு ஆகாது. ‘செல்’லுங்கறது இங்க வந்தப்புறம் நிலையத்தோட சொத்து, அக்காவோடதுன்னு சொல்ல முடியாது, அதுவும் போச்சு.” அவர் மிச்சமிருந்ததை ஆசையாகப் படித்துப் பார்த்தார். “அருமையா வந்திருக்கு சார். அப்படியே கண்ணாடி மாதிரி.”

கூட்டத்தில் செயலாளர் எழுந்து வாசித்தார். “பார்வையாளரின் கேள்வி: என் அக்கா.”

உறுப்பினர்கள் வெகுநேரம் ஆலோசித்தார்கள். ஒருவர் தாடையைத் தடவினார். கடைசியில் தலைவர் பதில் சொன்னார். “ஆம்.” எல்லோரும் மேசையைத் தட்டி ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு சுத்தமான கேள்வியும் இவ்வளவு சுத்தமான பதிலும் தன் காலத்தில் நடந்ததில்லை என்று ஒரு மூத்த உறுப்பினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாஸ்டருக்கு அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. கூட்டம் கலைந்ததும் நேரே இயக்குநர் அறைக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டார். இயக்குநர் தங்கமான மனிதர். கோபிக்கவே இல்லை. உட்காரச் சொன்னார். நாற்காலியில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் உறையை விரிக்கச் சொன்னார்.

“ஐயா, மோனோசைட்டு இல்லாம டி செல் வளராதுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. “படித்திருக்கிறீர்களா! என் இளமைக் காலம் அது. ராப்பகலாக உழைத்தேன். எத்தனையோ பேர் நம்பவில்லை. நான் விடவில்லையே.”

“அப்ப எங்க அக்கா தட்டுல மட்டும் ஏன் எடுத்துடறாங்க?”

“தம்பி, அது கண்டுபிடிப்பு. இது நடைமுறை. இரண்டையும் கலக்கலாமா?” அவர் குரலில் பிள்ளைக்குப் புத்தி சொல்கிற கனிவு. “உலகத்தில் எத்தனையோ இடத்தில் செல் வளர்க்கிறார்கள். வளர்ப்பதில் என்ன பெருமை? காளான்கூட வளர்கிறது. தூய்மை அப்படியில்லை. தூய்மையை அளக்கலாம், எண் போடலாம், மற்ற நிலையங்களோடு ஒப்பிடலாம். நாம்தான் முதலிடம். அந்த முதலிடத்தால்தான் இந்தக் கட்டடம் நிற்கிறது. இந்தக் கட்டடம் நிற்பதால்தான் உங்கள் அக்காவின் செல்லுக்கு ஓர் இடம் கிடைத்தது. நன்றாக யோசித்துப் பாருங்கள், நாங்கள் இதையெல்லாம் அவருக்காகத்தான் செய்கிறோம்.”

“அவ செத்துடுவாய்யா.”

“சாவு,” என்றார் இயக்குநர் பெருமூச்சோடு. “அது எங்கள் பிரிவில் வராது. அது ஆஸ்பத்திரி.”

மாஸ்டர் வெளியே வந்ததும் நீலச் செருப்பு அடுக்கியிருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். அந்த மருந்து நெடியும் சோப்பு வாசமும் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாக்கடை ஓரமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதுகூட அவர் மூக்கைப் பொத்தியதில்லை.

அங்கே தும்மல் மேடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“பரிசுக்குப் போனது போக மீதி ரத்தம் கொஞ்சம் என் அறைக்கு வந்திருக்கு. ஒதுக்கினதெல்லாம் என்கிட்டதான் வரும். அதை நான் பிரிக்கப்போறதில்ல. மிதக்கறதும் ஒட்டறதும் ஒண்ணாவே இருக்கட்டும். நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காம வீட்டுக்குப் போங்க.”

அந்த வாரக் கடைசியில் மேடம் அவரை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மாஸ்டருக்கு முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. குட்டிக் குட்டி உருண்டைகள், திராட்சைக் கொத்து மாதிரி, கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கிடந்தன. தட்டிலிருந்த தண்ணீர் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியிருந்தது. தின்று, பெருகி, அந்தத் தண்ணீரையே புளிக்க வைத்துவிட்டன என்றார் மேடம். மாஸ்டர் அந்தத் தட்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். மேடம் தும்மினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அடுத்த நாளே இடி விழுந்தது. தட்டு பிடிபட்டுவிட்டது. யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். குழு அவசரமாகக் கூடியது. நடுவில் எஃகு மேசை. மேசைமேல் அக்காவின் தட்டு. பக்கத்திலேயே மைக்ராஸ்கோப்பும் இருந்தது. ஆனால் யாரும் அதன் கிட்டே போகவில்லை. பார்த்தால் கண்ணுக்கும் தட்டுக்கும் தொடர்பு ஏற்பட்டுவிடும் என்று தலைவர் விளக்கினார்.

“நிறம் மாறியிருக்கிறது,” என்று தலைவர் தொடங்கினார். “கலப்படத்தின் முதல் அடையாளம் நிறம் மாறுவது.”

“வளர்ந்தா மாறும் சார்,” என்றார் மேடம்.

“வளர்ச்சி என்றால் என்ன? ஒன்று இரண்டாக ஆவது. முதலாவது நம்மிடம் இருந்தது, சரி. அந்த இரண்டாவது யார்? எங்கிருந்து வந்தது? அதற்கு யார் அனுமதி கொடுத்தது? கழுவினதா, காற்றடித்தோமா, உறுதிமொழி எடுத்ததா?” தலைவருக்கு மூச்சு வாங்கியது. “பரிசுத் தட்டில் இருப்பது நாம் போட்ட செல். ஒன்றுகூடக் கூடவில்லை, ஒன்றுகூட ஆசைப்படவில்லை. இந்தத் தட்டைப் பாருங்கள். பார்க்காதீர்கள். ஒரே கும்பல்! ஒருத்தர் மேல் ஒருத்தர்! ஒழுக்கம் என்று ஒன்று இருக்கிறதா?”

ஓர் உறுப்பினர் மயக்கம் போடுகிற மாதிரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூத்த உறுப்பினர் எழுந்து, மோனோசைட்டின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும் என்றார். ரத்தத்திலிருந்து வந்தது என்று மேடம் சொன்னார். ரத்தம் யாருடையது என்று கேட்டார்கள். அக்காவுடையது என்றார். “அப்படியானால் அந்த அம்மாவே ஆரம்பத்திலிருந்து கலப்புதான்,” என்று மூத்தவர் வருத்தத்தோடு உட்கார்ந்தார்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. விதியை மறந்து எழுந்துவிட்டார். “அது எங்க அக்கா உயிருய்யா! தூக்கிப் போட்டுடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்.”

“காலைத் தொடாதீர்கள்,” என்று தலைவர் அலறிப் பின்வாங்கினார்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தட்டு கழிவு. உடனடியாகப் பின்வாசல் வழியாக வெளியேற்றப்பட வேண்டும். இந்தத் தீர்ப்புக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவோ நினைக்கவோ கூடாது.

மாஸ்டர் தாழ்வாரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மேடம் வந்து அவர் தோளைத் தட்டினார். அந்தக் கட்டடத்தில் யாராவது யாரையாவது தொட்டதை மாஸ்டர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

“காரைக் கொண்டாந்திருக்கீங்களா? பின்வாசலுக்குக் கொண்டு போங்க.”

“என்ன மேடம் சொல்றீங்க? எந்தப் பாவியோ காட்டிக் கொடுத்துட்டானே.”

“நான்தான் புகார் கொடுத்தேன்.”

மாஸ்டர் எழுந்துவிட்டார்.

“முன்வாசல்ல எதை வெளிய கொண்டு போகணும்னாலும் சுத்தமா இருக்கணும். கழிவுக்கு அந்தத் தொல்லை இல்ல. கழிவுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அப்புறம் அது எங்க போச்சுன்னு கேக்கறதே இவங்களுக்கு அசிங்கம். தீர்ப்பு வரணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். கிளம்புங்க, தட்டோட சூடு ஆறிடும்.”

பின்வாசலில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே மேடம் தட்டை வைத்து மூடிய ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொடுத்தார். மேலே சிவப்பு எழுத்தில் ‘கழிவு’ என்று இருந்தது. மாஸ்டர் அதைத் தனக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, முன்னும் பின்னும் பழகுநர் பலகை மாட்டிய வண்டியைப் பச்சைப் பிள்ளையைக் கூட்டிப் போகிற மாதிரி ஓட்டினார். மதிய வெயிலில் பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் பெட்டியைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்டார். “பின்வாசலா?”

“ஆமா டாக்டர்.”

“அப்ப உயிரோட இருக்கும்.” கிருமி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லி உதவியாளரிடம் நீட்டினார். “முன்வாசல்ல வர்றதுக்கெல்லாம் நான் நன்றி சொல்லி அலமாரியில வச்சுடறது வழக்கம்.”

அவருக்கும் தெரிந்திருக்கிறது. மாஸ்டர் டாக்டரின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் கசந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டு, குப்பை வழியாக ஒரு சந்து வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். அந்தச் சந்து தெரியாமல் முன்வாசலில் நின்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்க நினைத்தார். அதற்குள் சோதனை முடிந்து, அக்காவின் கையில் ஊசி வழியாகச் செல் ஏறிக்கொண்டிருந்தது. கேட்கவில்லை.

அக்கா பிழைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து உட்கார்ந்தாள், நடந்தாள், கடைக்குப் போய் நாற்காலிகளைத் தட்டிப் பார்த்தாள். வாயும் பழையபடி நீண்டது. நடந்ததையெல்லாம் மாஸ்டர் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தார். அவள் கேட்டுவிட்டு, “இவனுங்களை நாலு பேர் முன்னாடி நிறுத்திக் கேக்கணும்டா,” என்றாள்.

அதற்கு அவர்களே வழி செய்து கொடுத்தார்கள். ஆராய்ச்சி நிலையத்தின் தூய்மைப் பரிசு விழாவுக்கு அக்காவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் உட்கார வேண்டும், ஒரு வார்த்தை பேச வேண்டும். அக்கா இருப்பதிலேயே நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். போகிற வழியெல்லாம் காரில் உதடு அசைந்துகொண்டே வந்தது. என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்க்கிறாள் என்று மாஸ்டருக்குப் புரிந்தது. அவருக்கும் அதில் முழுச் சம்மதம். அன்றைக்குத்தான் மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்த வயிற்றெரிச்சல் தீரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடை நடுவில் நாலு விளக்குக்குக் கீழே அந்தப் பரிசுத் தட்டு. இன்னும் இளஞ்சிவப்பாகவே இருந்தது. அதில் இருந்தவை எப்போதோ செத்துப்போயிருந்தன. செத்த பிறகும் தூய்மை குறையவில்லை என்று தலைவர் அறிவித்தார். பிறகு இயக்குநர் எழுந்தார்.

“பெரியோர்களே, இதோ இந்த அம்மையார். சாவின் விளிம்பில் இருந்தவர். இன்று உங்கள் முன் அமர்ந்திருக்கிறார். எது இவரைக் காப்பாற்றியது? தூய்மை! ஒட்டிக்கொள்கிற செல்களிடம் நாம் காட்டிய கண்டிப்பு! சிலர் என்னிடம் கேட்டார்கள், வளர்ச்சி எங்கே என்று. இதோ, வளர்ச்சி! நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.”

மாஸ்டர் முதல் வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அப்போது பின்வரிசையில் ஒரு தும்மல் கேட்டது. மேடம் குனிந்து அவர் காதருகே வந்தார்.

“அக்காவைப் பேச விடாதீங்க.”

“ஏன் மேடம்?”

“இப்ப பின்வாசல்ல ஒரு பெட்டி நிக்குது. ஏழு வயசுப் பொண்ணோடது. விழாவுக்காக அங்கயும் காவல் போட்டிருக்காங்க, ஆள் மாறினதும் போகும். அக்கா உண்மையைச் சொன்னா உடனே பின்வாசலையும் கழுவிப் பூட்டிடுவாங்க. அதோ அந்த ஓரத்துல நிக்கறவங்கதான் அந்தப் பொண்ணோட அம்மா.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் ஒரு இளம் பெண் நின்றுகொண்டிருந்தாள். சட்டையில் மஞ்சள் வில்லை. காலில் பச்சைச் செருப்பு, ஈரம் காயாமல். அவள் மேடையைப் பார்க்கவில்லை. பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் அக்கா எழுந்துவிட்டாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். தெருவில் ஆட்களை நிறுத்தி வைத்துக் கேட்பாளே, அந்த நிமிர்வு அவள் முதுகில் வந்துவிட்டது.

“எல்லாருக்கும் வணக்கம். இவங்க சொன்னதைக் கேட்டேன். நான் எப்படிப் பிழைச்சேன்னு இப்ப நானே சொல்றேன். இந்தத் தட்டு...”

மாஸ்டர் கைதட்டினார்.

அக்கா ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள். “இந்தத் தட்டுல இருக்கறது...”

மாஸ்டர் எழுந்து நின்று, இன்னும் பலமாகத் தட்டினார். பின்னால் மேடம் தட்டினார். நோயாளியின் தம்பியே எழுந்துவிட்டபிறகு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? முதல் வரிசை எழுந்தது, அப்புறம் அரங்கமே எழுந்தது. தலைவர் மூன்று கையுறையோடு தட்டினார், சத்தமே வரவில்லை. இயக்குநர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது.

அக்கா பேசிக்கொண்டுதான் இருந்தாள். வாய் அசைந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிறகு அவள் நிறுத்திவிட்டு, தம்பியைப் பார்த்தாள். அந்த மேடையில் இருந்த யாரையும் அவள் அவ்வளவு அருவருப்போடு பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று மாஸ்டர் நினைத்தார். சொன்னால் புரிந்துகொள்வாள் என்றும் நினைத்தார். சுவரோரம் நின்றவளை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் இன்னும் கிளம்பவில்லை. அதனால் உள்ளங்கை எரிய எரிய அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.